பத்து ஆலைக்கு இருபது இணைப்பு

நம்பிக்கை: எந்த மாடல் எவ்வளவு விற்கும் என்று சொல்ல முடியாத சந்தையில், எல்லா ஆலைகளும் எல்லா மாடல்களையும் செய்ய முடிந்தால்தான் நிறுவனம் தப்பிக்கும்.

உண்மை: ஓர் ஆலைக்கு இரண்டு மாடல் போதும். எந்த இரண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த நம்பிக்கை பட்ட அடியிலிருந்து பிறந்தது. கார் ஆலையின் அளவை, வண்டி விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கணிப்பு அடிக்கடி பொய்த்துப்போகிறது. 2000இல் கிரைஸ்லரின் பி.டி. குரூசருக்கு எதிர்பார்த்ததைவிடக் கிராக்கி கூடியது. அதைச் செய்த மெக்சிகோவின் டொலூகா ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. இப்படி ஒரு பக்கம் வாடிக்கையாளர் காத்திருக்க, மறுபக்கம் இன்னோர் ஆலையில் ஷிஃப்ட் குறைவதைப் பார்க்கும் நிர்வாகி, “எல்லாவற்றையும் எங்கும் செய்வோம்” என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஓர் ஆலை ஒரு மாடலைச் செய்யும் ஏற்பாட்டை ஓர் இணைப்பு என்று எண்ணினால், பத்து ஆலை, பத்து மாடலுக்கு நூறு இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ஜிக், ரோபோவுக்குப் புது புரோகிராம், லைன் ஓரத்தில் கூடுதல் உதிரிபாக அடுக்கு, தொழிலாளர்களுக்குப் பயிற்சி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். மலைத்துப்போய்த் திட்டத்தையே கைவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இந்த இரண்டாவது முடிவுதான்.

ஜெனரல் மோட்டார்ஸின் வில்லியம் ஜோர்டனும் எம்.ஐ.டி.யின் ஸ்டீஃபன் கிரேவ்ஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத் தெளிவாக்கியது. பத்து ஆலைகள், பத்து மாடல்கள். ஒவ்வோர் ஆலையின் திறனும் 100, ஒவ்வொரு மாடலின் சராசரித் தேவையும் 100. ஆலைக்கு ஒரு மாடல் என்றால், ஏறி இறங்கும் தேவையில் சராசரியாக 850 சொச்சம்தான் விற்கும். நூறு இணைப்புகளும் இருந்தால் 950 சொச்சம். இருபதே இணைப்புகளை, ஒவ்வோர் ஆலையும் அடுத்த ஆலையோடு ஒரு மாடலைப் பகிரும்படி, ஒரே சங்கிலியாகக் கோத்தாலும் ஏறக்குறைய அதே 950தான் கிடைக்கிறது. அதே இருபதை, ஆலைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்ப்பதில் செலவழித்தால் பலன் வெகுவாகக் குறைகிறது.

காரணத்தை மூன்று ஆலைகளிலேயே பார்க்கலாம். முதல் ஆலை அ, ஆ மாடல்களையும், இரண்டாவது ஆ, இ மாடல்களையும், மூன்றாவது இ, அ மாடல்களையும் செய்கின்றன. திறன் தலா 100. தேவை அ-வுக்கு 140, ஆ-வுக்கு 70, இ-க்கு 90 என்று வருகிறது. ஆலைக்கு ஒரு மாடல் என்றிருந்தால் 260 வண்டிகளோடு நின்றிருக்கும். இப்போது முதல் ஆலை அ-வை மட்டும் 100 செய்கிறது. மீதி 40-ஐ மூன்றாம் ஆலை எடுத்துக்கொண்டு, இ-யில் 60 செய்கிறது. விடுபட்ட 30 இ-யை இரண்டாம் ஆலை, தன் 70 ஆ-வோடு சேர்த்துச் செய்கிறது. 300-ம் வந்துவிட்டது. இரண்டாம் ஆலைக்கு அ மாடலைத் தொடவே தெரியாது. ஆனாலும் அதன் உபரித் திறன் இ வழியாக அ-வுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜோடி முறையில் இந்த வழி ஜோடிக்குள்ளேயே அடைபட்டுவிடும்.

“எல்லா மாடலின் தேவையும் ஒன்றாக விழுந்தால்?” என்று கேட்பார்கள். 2008-09 பொருளாதார மந்தத்தில் அப்படித்தான் விழுந்தது. அப்போது சங்கிலி உதவாது. ஆனால் நூறு இணைப்புகளும் உதவாது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால்தான் இடமாற்றத்துக்கு அர்த்தம் உண்டு. இரண்டு மாடல் செய்யும் லைன் வேகம் குறையும் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் பத்து மாடல் செய்யும் லைனுக்கு அது இன்னும் பெரிய தலைவலி; ஆகவே அந்த வாதமும் குறைந்த இணைப்பின் பக்கமே நிற்கிறது.

வலுவான எதிர்வாதம் வேறு. கிரேவ்ஸும் பிரையன் டாம்லினும் 2003இல் காட்டியபடி, உற்பத்தி பல கட்டங்களாக நடக்கும்போது, தடை ஒரு கட்டத்தில் ஒரு மாடலிலும் இன்னொரு கட்டத்தில் வேறு மாடலிலும் விழலாம். அங்கே மெலிந்த சங்கிலி சில நேரம் போதாமல் போகிறது, கூடுதல் இணைப்புகள் தேவைப்படுகின்றன. அசெம்பிளி ஆலை மாடலை மாற்றத் தயாராக இருந்தும், இன்ஜின் தரும் ஆலை ஒரே வகையில் பூட்டப்பட்டிருந்தால் வண்டி வெளியே வராது. எனவே அடுத்த இணைப்புக்குப் பணம் ஒதுக்கும்போது அசெம்பிளி லைனோடு நிற்காமல், இன்ஜின், கியர்பாக்ஸ், சீட் வரும் இடங்கள்வரை அதே வரைபடத்தை நீட்டிப் பார்த்து, வழி எங்கே அறுகிறதோ அங்கே அந்தப் பணத்தைப் போட வேண்டும்.