வாத்துகளுக்கு வழிவிட்ட வீரர்

வெற்றியும் அருளும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோர் உலகில் மிகச் சிலரே. அவருள் ஒருவர், ஆஸ்திரேலிய நாட்டுப் படகு வீரராகிய ஹென்றி பியர்ஸ்.

1928-ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. ஒற்றையர் படகுப் போட்டியில் வீரர் ஒருவரே இரு கைகளிலும் துடுப்பேந்தி 2,000 மீட்டர் தொலைவைக் கடத்தல் வேண்டும். போட்டி நிகழ்ந்த கால்வாய் குறுகியது. ஆதலின், ஒரு வேளையில் இருவரே போட்டியிட்டனர். துடுப்பு வலிப்போர் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். எதிர்ப்படுவது யாதென அவர்க்குத் தோன்றாது.

கால் இறுதிப் பந்தயத்தில் பியர்ஸ் விரைந்து சென்றுகொண்டிருந்தார். திடீரெனக் கரையில் நின்றோர் ஆரவாரித்து, அவர் முதுகுப்புறத்தைச் சுட்டிக் காட்டினர். அவர் திரும்பி நோக்கினார். வாத்துக் குடும்பம் ஒன்று வரிசையாக நீந்தி, அவர் செல்லும் வழியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது!

ஒவ்வொரு நொடியும் விலைமதிப்புடைய வேளை அது. பியர்ஸ் துடுப்பை நிறுத்தினார். வாத்துகள் கடந்து வழி விடும்வரை பொறுத்திருந்தார். பின்னர் ஊக்கத்துடன் வலித்து, அப்பந்தயத்தில் வென்றார். இறுதிப் போட்டியிலும் வென்று தங்கப் பதக்கம் பெற்றார். 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் அப்பதக்கம் அவருக்கே உரியதாயிற்று.

விரைந்து செல்லும் ஆற்றல் பயிற்சியால் வரும். எளிய உயிர்க்காக நிற்கும் ஆற்றல் நெஞ்சின் ஈரத்தால் வரும். இரண்டும் உடையவரையே உலகம் நெடுநாள் நினைக்கும்.