மரக்கடைசல் கற்கும் பிள்ளைக்கு மூன்று உளி போதும்



ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்து பிழைக்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. நம் பிள்ளைகளும் கட்டில் கால், பூரிக்கட்டை கடையக் கற்கலாம்.

அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கிப் பெட்டி நிறைய உளி வாங்க வேண்டாம். தொடக்கத்துக்கு மூன்று போதும்.

1. பெரிய குழியுளி: சதுரக் கட்டையை உருட்டாக்க.
2. சிறிய குழியுளி: வளைவும் பள்ளமும் கடைய.
3. வெட்டுளி: ஆழம் குறிக்கவும் துண்டிக்கவும்.

சாய்வு உளி மரத்தில் சட்டென்று மாட்டிக்கொள்ளும். கை பழகிய பிறகு வாங்கலாம். ஹைஸ்பீட் ஸ்டீல் உளியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண கார்பன் எஃகு, சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் கடினம் இழக்கும்.

மிச்சப் பணத்தைச் சாணைக்கும் முகக் கவசத்துக்கும் ஒதுக்குங்கள். மழுங்கிய உளியை அழுத்த வேண்டிவரும். அழுத்தினால் கை தவறும்.

மூன்று எச்சரிக்கைகள்: பெரிய குழியுளியால் கிண்ணம் குடையக் கூடாது, அதன் கழுத்து முறியும். தச்சு உளியை லேத்தில் வைக்கக் கூடாது. தொங்கும் துணியோடு லேத் அருகே நிற்கக் கூடாது.

வாங்குமுன், பிள்ளையைக் கடைசல் பட்டறையில் சில நாள் உட்கார வையுங்கள். சாணை பிடிக்க முதலில் கற்கட்டும்.

அல்லாஹ் அவர்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

– செயலாளர்