பிணக்கும் பொறுத்தலும்

மனிதர் கூடி வாழுமிடத்துப் பிணக்குத் தோன்றுதல் இயல்பு. அதனைத் தீர்க்கும் முறையோ சமுதாயத்திற்குச் சமுதாயம் வேறுபடும். யார் முதலில் பேசுவது, யார் இடைநின்று இணக்குவது, எத்துணை நாள் பேசாதிருக்கலாம் என்பனவற்றை அவரவர் வளர்ந்த பண்பாடே பெரிதும் வரையறுக்கிறது. இதனைத் தமிழ் இலக்கியத்தின் துணைகொண்டு ஈண்டுக் காண்போம்.

விருந்தினர் வாயில்

பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனைத் தலைவி ஏற்க மறுத்து ஊடுவது மருதத்திணைக்கு உரிய பொருள். அவ்வூடல் தீர்க்க இடைநிற்போரை 'வாயில்கள்' என்றனர். தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் சுட்டுகிறது. கணவன் மனைவியரின் மனத்தாங்கல் சுற்றத்தாரின் அக்கறைக்கும் உரியதாயிருந்தது என்பது இதனால் புலனாகும்.

இவருள் விருந்தினரின் பங்கினை நற்றிணை 120ஆம் பாடலில் மாங்குடி கிழார் காட்டுகிறார். தலைவி புகை சூழ்ந்த அடுக்களையில் வியர்வையை ஆடைத்தலைப்பால் துடைத்தவண்ணம் சமைக்கிறாள். விருந்தினர் வந்தால் இவள் சினம் மறைத்து முறுவலிப்பாள், அம்முகத்தைக் காணலாம் என்று தலைவன் விழைகிறான். காட்சி இனியதே. ஆயினும், விருந்தினர்க்காக மலர்ந்த முறுவலை மன்னிப்பு எனக் கொள்ளலாமா? அவன் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மனம் ஆறியதா என வினவுவாரும் இல்லை. விருந்தோம்பும் கடமையைப் பண்பாடு அவள்மீது வைத்தது; அதன் நிழலில் அவன் ஒதுங்கிக் கொள்கிறான்.

பேகனின் வாயில்

புறநானூறு இதற்கு வேறானதொரு நெறியைக் காட்டுகிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அதுபற்றிப் பாடிய ஐந்து பாடல்கள் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. தாம் பசித்து வரவில்லை என்கிறார் பரணர். அவன் தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அரிசில் கிழாரோ அணிகலனும் செல்வமும் வேண்டா என மறுக்கிறார். பரிசிலை நம்பி வாழ்ந்த புலவர்கள், பரிசில் தருவோனிடமே அவன் பிழையை எடுத்துரைத்தனர். கண்ணகியை நோக்கிப் 'பொறுத்துக்கொள்' என்று அவர்கள் பாடவில்லை என்பது கருதத்தக்கது.

அளவும் கடமையும்

ஊடலை உப்பிற்கு ஒப்பிட்ட வள்ளுவர், சற்றே மிகினும் சுவை கெடும் என்றார். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது என்றும், முதலில் ஸலாம் கூறுபவரே இருவருள் சிறந்தவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கணவன் மனைவியரிடையே பிளவு நேரும் என அஞ்சினால், இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. பெண்ணின் பக்கத்திற்கும் ஒரு குரல் உண்டு என்பதை இவ்வசனம் உறுதி செய்கிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உற்றாரையும் அண்டை வீட்டாரையும் தேடிச் சென்று பிழை பொறுக்க வேண்டும் வழக்கத்தை நாம் அறிவோம். மனிதர்க்கு இழைத்த தீங்கினை அம்மனிதரே பொறுத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இதன் அடிப்படை. இங்கும் பிழை செய்தவரே வாயில் தேடி நடக்கிறார்.

முடிவாக

குடும்பப் பிணக்குத் தீர்க்க அமரும் பெரியோர், "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று பெண்ணை நோக்கியே முதலில் கூறுவதை இன்றும் கேட்கிறோம். பொறுமை பேரறம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பிழைத்தவர் உணர்ந்து வருந்தாத நிலையில், பொறுமை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றப்படும் சுமையாகிவிடுகிறது. இணக்கம் செய்வோர் முதலில் தட்ட வேண்டியது யார் வீட்டுக் கதவை என்பதைப் பேகன் வாயிலில் நின்ற அந்நால்வரும் நமக்கு உணர்த்துகின்றனர்.