இலையைத் துறந்த செடி

ஈர வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அதையே சுருட்டி வைத்தால் மாலை வரை ஈரம் போவதில்லை. துணியும் ஒன்றே, நீரும் ஒரே அளவே. காற்றுப்படும் பரப்பு மட்டுமே வேறு. நாம் வீட்டில் காணும் இந்த உண்மையைத் தன் உடலமைப்பாகவே கொண்ட முட்புதர் ஒன்று ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் வளர்கிறது. அங்குள்ளோர் அதைக் கேர் என்பர். தாவரவியலில் அதன் பெயர் காப்பாரிஸ் டெசிடுவா.

தார்ப் பாலையைச் சேர்ந்த ஜெய்சால்மரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. பலோடி நகரில் 2016 மே 19 அன்று வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸை எட்டியது. இத்தகைய கோடையிலும் கேர் பச்சையாகவே நிற்கும். அருகே சென்று பார்த்தால் வியப்பு! அதில் இலையே இராது. இளந்தளிர்களில் ஊசி போன்ற சிற்றிலைகள் தோன்றும். அவையும் விரைவில் உதிர்ந்துவிடும். பச்சை நிறம் கிளைகளுக்கு உரியது. கிளைகளின் தோலிலேயே பச்சையம் இருப்பதால் ஒளிச்சேர்க்கை அங்கேயே நடைபெறுகிறது.

இலை ஏன் வேண்டாம்?

செடி உணவு தயாரிக்கக் கரியமிலவாயு தேவை. அது உள்ளே வர நுண்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீராவி வெளியேறும். பல செடிகளில் ஒரு கரியமிலவாயு மூலக்கூறைப் பெறுவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன. பசியைத் தீர்க்கப் போனால் தாகம் வந்து சேர்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கன சென்டிமீட்டர் பசுந்திசுவை 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இலையாக விரித்தால், இருபுறமும் சேர்த்து அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதையே 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சியாகத் திரட்டினால் பக்கப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர்தான். நீர் வெளியேறும் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

சூட்டைத் தணிப்பது எப்படி? 1 கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அகன்ற இலைகள் இவ்வாறுதான் குளிர்கின்றன. நீரைச் செலவிட இயலாத கேருக்கு மெல்லிய கிளைகள் உதவுகின்றன. குறுகலான பொருளின் வெப்பத்தைக் காற்று எளிதில் கவர்ந்து செல்லும்.

சிக்கனத்தின் விலை

கிளையே சமையலறை என்றால் அதைக் காக்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாகக் கூரிய முட்கள் காவல் நிற்கின்றன.

ஆனால் சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. பரப்பு சுருங்கியதால் வெளிச்சமும் கரியமிலவாயுவும் குறைவாகவே கிடைக்கின்றன. ஆகவே கேர் மிக மெதுவாகவே வளரும். அதன் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அதன் பிஞ்சுக் காய்களை உப்புநீரில் ஊறவைத்து, கசப்பு நீக்கி, உலர்த்தி ஆண்டு முழுவதும் சமைக்கிறார்கள். விறகுக்காக ஒரு மணி நேரத்தில் வெட்டப்படும் புதர் மீண்டும் அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாலைவனச் செடிதானே என்று அதை அலட்சியமாக எண்ணக் கூடாது.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரு கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து எடை பாருங்கள். ஒன்றை விரித்தும் மற்றதை இறுகச் சுருட்டியும் நிழலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எடை பாருங்கள். எது அதிக நீரை இழந்தது? கேரின் இரகசியம் உங்களுக்கே விளங்கும்.