கடனை மாற்றும் முன் காப்பீட்டைக் கவனிப்போம்

நம் வணிகர்களில் பலர் வீட்டின் பேரில் கடன் வாங்கியிருக்கிறோம். வேறொரு வங்கியில் வட்டி குறைவு என்று கேள்விப்பட்டதும் கடனை அங்கே மாற்றலாமா என்று யோசிக்கிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் பார்த்துக் கொள்முதல் செய்கிற நாம், வட்டியைப் பார்ப்பது நியாயமே. ஆனால் கடன்தாரருக்கு இதய நோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்ற பெரிய வியாதி இருப்பது தெரியவந்த பிறகு, வட்டியை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

ஒரு கணக்கு

கடன் பாக்கி 20 லட்சம், இன்னும் 15 ஆண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். 9.5 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 20,885 ரூபாய். 8.5 சதவீதம் என்றால் 19,695 ரூபாய். மாதம் 1,190 மிச்சம். 15 ஆண்டில் 2 லட்சத்து 14 ஆயிரம்.

கடனை மாற்றும்போது பழைய காப்பீடு போய்விட்டது. மூன்றாண்டு கழித்துக் கடன்தாரர் காலமாகிறார் என்றால்? அதுவரை மிச்சமானது சுமார் 43 ஆயிரம். குடும்பத்தின் தலையில் விழும் பாக்கியோ 17 லட்சத்து 74 ஆயிரம். கடையையும் நடத்திக்கொண்டு வீட்டுக் கடனையும் யார் கட்டுவது?

காப்பீடு எப்படிப் போகிறது?

கடனுக்கான காப்பீடு பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, கடன் கொடுத்தவர்களே எடுத்துத் தரும் குழுக் காப்பீடு. இதன் ஒற்றைப் பிரீமியத்தைப் பல நேரம் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். கடனை முன்கூட்டியே அடைத்தால், சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்துக் காப்பீட்டை முடிப்பதும் உண்டு. விருப்பம் தெரிவித்தால் முதலில் குறித்த காலம் வரை தொடர விடுவதும் உண்டு. எது நமக்குப் பொருந்தும் என்பது காப்பீட்டுச் சான்றிதழில் இருக்கும்.

மற்றொன்று, நாமே எடுத்து வங்கியின் பேருக்கு மாற்றிக் கொடுத்த பாலிசி. கடனை அடைத்தாலும் இது நிற்கும். வங்கியிடமிருந்து நம் பேருக்குத் திரும்ப எழுதி வாங்க வேண்டும்.

நடப்பில் உள்ள தனிநபர் ஆயுள் பாலிசியை, பிறகு வந்த வியாதியைக் காட்டிக் கம்பெனி ரத்து செய்யவோ பிரீமியத்தை உயர்த்தவோ முடியாது. புதுப் பாலிசி அப்படியல்ல. மறுக்கலாம், தள்ளிப்போடலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம். வியாதியை மறைத்து எடுப்பது ஆபத்து. காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவின்படி மூன்றாண்டுக்குள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கக் கம்பெனிக்கு இடமுண்டு. பணம் தேவைப்படும் நேரத்தில் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் நம் வங்கியிடமே வட்டிக் குறைப்புக் கேட்போம். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. பழைய முறையில் இருப்பவர்கள் கட்டணம் செலுத்தி இதற்கு மாறலாம். கடன் அதே வங்கியில் இருக்கும். காப்பீடும் தொடர்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வோம்.

2. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கடனை அடைக்கும் முன்பே காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதி, தொடரும் வசதி உண்டா என்று பதில் வாங்குவோம். வங்கி ஊழியரின் வாய்வார்த்தை போதாது.

3. புதுக் காப்பீடு ஏற்கப்பட்டு, பத்திரம் கைக்கு வரும்வரை பழையதைச் சரண்டர் செய்யக் கூடாது.

4. செலவைக் கூட்டுவோம். தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, பத்திரப் பதிவுச் செலவு ஆகியவை உண்டு. தொழில் கடனாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்போம்.

5. பாலிசியைக் காலாவதியாக விடக் கூடாது. மருத்துவச் செலவு நெருக்கும்போது முதலில் நின்றுபோவது பிரீமியம்தான். காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கச் சென்றால் உடல்நிலையைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே கதவு அடைபடலாம்.

6. பாலிசியில் கடும் நோய்க்கான இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் நோய் உறுதியானதற்கே, நிபந்தனைக்கு உட்பட்டுப் பணம் கிடைக்கும்.

7. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த விதி. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு உண்டு. பத்திரத்தோடு பாலிசியையும் கேட்டு வாங்கி, வாரிசு நியமனம் சரியாக உள்ளதா என்று பார்ப்போம்.

கொள்முதல், பாக்கி, வரி எல்லாவற்றுக்கும் நோட்டு வைத்திருக்கும் நாம், கடன், காப்பீடு விவரங்களையும் ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டாரிடமும் பிள்ளைகளிடமும் காட்டி வைப்போம். வட்டி மிச்சத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். வியாதிக்கு முன் எடுத்த காப்பீட்டைத் திரும்ப எடுக்க முடியாது.