பிறை மின்நிலையமும் எங்கள் வீட்டு மின்மானியும்



இப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் தொழில்நுட்பப் பாடம் படித்து வருகின்றேன். மின்சாரத்தைப் பற்றி ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென ஆசிரியர் பணித்தார். நாம் வாழும் பிறையே ஒரு மின்நகரம் ஆதலால், எழுதுவதற்குச் செய்தி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் மின்சாரம் நுழைந்த வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் முன் நிற்கின்றது. 1894-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில், தம் ஈயச் சுரங்கத்திற்கென மின்னாக்கிப் பொறியை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை. தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதற் பதிவு இதுவே என்பர். நம் பாட நூல்கள் இதனை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. முதியோர் பலர் இன்றும் 'எல்.எல்.என்.' என்றே சொல்வதன் காரணம் இதுதான்.

பிறையில் முன்னர் இருந்த மின்நிலையம் எண்ணெயை எரித்து இயங்கியது. 1973-இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபொழுது, எண்ணெய் ஒன்றையே நம்பியிருத்தல் ஆபத்து என்பதை நாடு உணர்ந்தது. 1981-இல் எண்ணெய், நீர், எரிவாயு, நிலக்கரி ஆகிய நான்கையும் பயன்படுத்தும் கொள்கை வகுக்கப்பட்டது. இன்று பிறையில் எரிவது இயற்கை எரிவாயு. திரங்கானுக் கடலடியில் எடுக்கப்படும் வாயு, கெர்த்தேயில் தூய்மை செய்யப்பெற்று, நிலத்தடிக் குழாய் வழியே மேற்குக் கரைக்கு வருகின்றது.

2016-இல் இயங்கத் தொடங்கிய புதிய நிலையத்தின் ஆற்றல் ஏறத்தாழ 1,070 மெகாவாட். பத்து இலட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் துணி தேய்க்கும் பெட்டியைச் சூடேற்றினாலும் தாங்கும் அளவு என்று கொள்ளலாம். அங்கே நடப்பது என்ன? அழுத்தப்பட்ட காற்றோடு எரிவாயு எரிந்து, அந்த வெப்பக்காற்று சுழலியின் இதழ்களைத் தள்ளுகின்றது. சுழலியை விட்டு வெளியேறும் காற்றும் ஏறத்தாழ 600 பாகை வெப்பம் உடையது. அதனை வீணே வானில் விடாமல், நீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் இன்னொரு சுழலியையும் சுழற்றுகின்றார்கள். இரண்டு சுழலிகளும் ஒரே அச்சில் நின்று ஒரு மின்னாக்கியை இயக்குகின்றன. அந்த அச்சு நிமிடத்திற்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழலும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் எனப்படுவது இதனால்தான். காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இவ்வளவு பெரிய பொறிக்கும் அடிப்படை. பழைய நீராவி நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலே மின்சாரமாயிற்று. இத்தகைய இரட்டை முறையிலோ ஐந்தில் மூன்று பங்கு வரை கிடைக்கின்றது.

பிறந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்கப் பெரிய தொட்டி ஏதுமில்லை. நாம் விசையைத் தட்டும் அதே நொடியில் எங்கோ ஒரு சுழலி அதற்கேற்ப உழைக்க வேண்டும். அந்தச் சமநிலை குலைந்தால் விளைவது என்ன என்பதை 1996 ஆகஸ்டு 3-ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியபொழுது மக்கள் கண்டனர்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பாட்டி தோட்டத்து லயன் வீட்டில் வாழ்ந்தவர். அங்கே மாலை ஆறு மணிக்கு டீசல் எஞ்சின் ஓடும். இரவு பத்து மணிக்கு நிற்கும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்தப் பழக்கத்தால், அறையை விட்டு அகலும்போது விளக்கை அணைக்காமல் அவர் சென்றதே இல்லை. 2024 சனவரியில் எங்கள் வீட்டில் 318 யூனிட் செலவாயிற்று. அன்றைய கணக்குப்படி முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100-க்கு 33.40 காசு, அதற்கு மேல் 51.60 காசு. "பில் ஏறிப்போச்சே" என்று அப்பா வருந்தியதைக் கேட்ட பாட்டி, அன்றிரவு முதல் மின்விசிறி இல்லாமல் படுத்தார். எவரிடமும் சொல்லவில்லை. வியர்த்த தலையணையைக் கண்டு அம்மாதான் அறிந்தார்.

நான் காகிதமும் எழுதுகோலும் எடுத்தேன். 60 வாட் மின்விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 480 வாட் மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. மாதத்திற்கு ஏறத்தாழ 14 யூனிட். அவ்வளவே! அப்படியாயின் 318 எங்கிருந்து வந்தது? தைப்பூசத்தன்று குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குச் சென்றபொழுது, குளிர்பதனப் பெட்டியைத் தவிர அனைத்தையும் அணைத்துவிட்டு மின்மானியைக் குறித்துக்கொண்டேன். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆளில்லாத வீட்டில் 4 யூனிட் ஓடியிருந்தது! மாதத்திற்கு 120.

பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன், தடையின்றி வந்துவிட்டது. கதவோரத்து ரப்பர் பட்டை தளர்ந்து, குளிர் கசிந்து, பொறி ஓய்வின்றி ஓடியிருக்கின்றது. அப்பா புதிய பட்டை வாங்கிப் பொருத்தினார். சீனப் புத்தாண்டு விடுமுறையில் இரண்டு நாள் வெளியூர் சென்றபொழுது மீண்டும் குறித்தேன்: இரண்டு நாளைக்கு 5 யூனிட். பழைய குழல் விளக்குகள் இரண்டையும் எல்.இ.டி. ஆக்கினோம். மார்ச்சுக் கணக்கு 268 யூனிட். முன்னைய 86 ரிங்கிட் 66 ஆகக் குறைந்தது. முழு எண்ணை மட்டுமே காட்டும் மின்மானியில் ஒரு யூனிட் முன்பின் ஆகலாம் என்பதால், ஒரு நாளைவிடப் பல நாள் அளவெடுப்பதே முறை எனப் பின்னர் ஆசிரியர் திருத்தினார்.

2025 சூலையில் கட்டண முறை மாறிவிட்டது; எனினும் குறைவாகச் செலவிடும் வீடுகளுக்கு ஊக்கக் கழிவு உண்டு. ஆதலால் விடுமுறையில் எவரேனும் உங்கள் மின்மானியையும் இவ்வாறு குறித்துப் பார்க்கலாம்.

பாட்டியிடம் கணக்கைக் காட்டி விளக்கினேன். எண்களை அவர் பார்க்கவில்லை; "பெட்டிதான் தின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு அவர் அறையில் மின்விசிறி ஓடியது.