கரியும் கறியும்

சில திங்களுக்கு முன், நெய்வேலியில் வாழும் நண்பர் ஒருவரிடமிருந்து எமது கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தம் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்த மகிழ்ச்சியை அவர் அதிற் தெரிவித்திருந்தார். செய்தி சிறியது. அதன் இறுதியில், "இனி எங்கள் வீட்டுக்கும் நிலக்கறி சோறு போடும்" என்றிருந்தது.

யாம் நகைத்தோம், நகைத்த பின் நாணினோம். நண்பரின் மகிழ்ச்சி முழுவதும் எம்மை வந்தடைந்துவிட்டது. ஓரெழுத்து மாறியதனால் அதில் ஒரு துளியும் குறையவில்லை. ஆயினும் எம் கண் அவ்வோரெழுத்தின்மேலேயே நின்றது. அதனை அவருக்கு எடுத்துக்காட்டுதல் வேண்டுமா, வேண்டாவா என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நண்பரும் உறவினரும் வாய்ப்பேச்சுக்கு ஈடாகக் கைப்பேசியில் எழுதிக்கொள்ளும் சிறு செய்திகளில் எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் பொருட்படுத்தத் தக்கனவா? தேர்வுத்தாளுக்குரிய கண்டிப்பை அங்கும் செலுத்துதல் முறையா? மாணாக்கர் ஒருபுறமும் ஆசிரியர் மறுபுறமும் நின்று வாதிக்கும் வினா இது. இருசாரார் கூற்றையும் ஆராய்ந்து ஒரு முடிவு காண முயல்வோம்.

முதற்கண், எடுத்துக்கொண்ட சொல்லையே நோக்குவோம். இடையின ரகரம் பெற்ற கரி என்பது எரிந்து கருகியதையும், நிலத்தினின்று அகழ்ந்தெடுக்கும் எரிபொருளையும் குறிக்கும். யானை, சான்று என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. வல்லின றகரம் பெற்ற கறி என்பது மிளகையும், சோற்றோடு உண்ணும் காய்கறி, இறைச்சி முதலியவற்றையும் குறிக்கும். கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியம் முன்னதனாற் பிறந்தது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முறையாக வெளிப்பட்டது. பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் பணி நாடி அங்கே குடியேறினர். பிறமொழியாளர் தமிழ் பேசக் கற்றனர். தமிழருள்ளும் ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊர்ப்பேச்சைக் கொண்டுவந்தனர். இரவும் பகலும் ஷிப்ட் முறையில் வேலை நடக்கும் ஊராதலின், ஒரு வீட்டில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் வேலைக்குப் புறப்படுவர். அங்ஙனம் முகம் பாராத பொழுதுகளிற் கைப்பேசிச் செய்தியே வீட்டுப்பேச்சாகின்றது. ஆகவே, யாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு அவ்வூர் ஏற்ற உரைகல்லாம்.

பிழையைப் பொருட்படுத்த வேண்டா என்பாரின் கூற்று வலுவற்றதன்று. சோறு போடுவது கறியன்று, கரியே என்பதை இடம்நோக்கி எவரும் உணர்வர். மேலும், நம்மிற் பெரும்பாலார் பேச்சில் ரகர றகர வேறுபாடு மறைந்துவிட்டது. செவி உதவாதபோது கை தடுமாறுதல் இயல்பே. கைப்பேசியோ, நாம் இரண்டெழுத்து எழுதுமுன் தானே ஒரு சொல்லை ஊகித்து நிரப்பிவிடுகின்றது. அதன் பிழையும் நம் தலைமேல் விழுகின்றது.

நம் முன்னோரையும் அவர்கள் சான்றாகக் காட்டலாம். ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு காட்டவில்லை. ரகரமும், நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவின. அங்ஙனமிருந்தும் கடனோலையும் கடிதமும் நடந்தேறின; தந்தை எழுதியதை மகன் படித்தறிந்தான்.

இஃது உண்மையே. ஆயினும் அதற்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. எழுதுவோனும் படிப்போனும் ஓரூரினராய், ஒரே காலத்தினராய், ஒரே செய்தியை அறிந்தோராய் இருக்குமளவும் குறையெழுத்தே போதும். அவ்வட்டத்தைக் கடந்தவுடன் சுமை முழுவதும் படிப்போன்மேல் விழுகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்து வெளியிடுமுன், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிச் சொல்லின் உண்மை வடிவைத் தேடித்தேடி உழைத்தார். எழுதினோர் கை மிச்சப்படுத்திய புள்ளிகளுக்கெல்லாம், படித்தவர் கண் கடன் தீர்க்க வேண்டியதாயிற்று. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தம்முள் மயங்காவண்ணம் வடிவந் திருத்தியவர் இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர் (1680–1747) ஆவர். தாய்மொழியாளர் ஊகத்தாற் கடந்து சென்ற இடத்தில், புதிதாய்க் கற்க வந்தவர் தடுக்கி விழுவர். ஆகலின் அக்குறை அவர் கண்ணுக்கு நன்கு புலப்பட்டிருத்தல் கூடும்.

இக்காலத்து இளைஞர் பலர் உரோமன் எழுத்தாலேயே தமிழை எழுதி அனுப்புகின்றனர். இதனைப் புதுமையென்று எண்ணற்க. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழும் போர்த்துகீசியமுமாக ஒரு சமயநூல் அச்சிடப்பட்டது. அதிலுள்ள தமிழ் முழுவதும் உரோமன் எழுத்திலேயே அமைந்தது. அக்காலத்துத் தமிழுக்கு அச்செழுத்து இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், அண்டிரீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சேறியது. எழுத்தை வார்க்கும் தொல்லையைப் பாராது அங்ஙனம் செய்ததனால், தமிழர் தம் எழுத்திலேயே தம் மொழியைப் படிக்கும் வழி பிறந்தது. இன்றோ கைப்பேசியில் தமிழெழுத்து இருந்தும் நாம் லிஸ்பனுக்கே திரும்புகின்றோம். அதனால் வரும் இடர்ப்பாடு ஒன்றைக் காட்டுவோம். உரோமன் எழுத்து நான்கால் எழுதப்படும் ஒரே சொல்லை வலி எனவும், வளி எனவும், வாலி எனவும், வாளி எனவும் படிக்கலாம். நெய்வேலியில் நிலத்தை அகழும் பெரும்பொறியின் சக்கரத்திற் பூட்டியவை வாளிகள்; அப்பொறியருகே நிற்போன் உடம்பில் தோன்றுவது வலி. செய்தி எதனைக் குறித்தது என்பது படிப்போன் தலையெழுத்தாய் முடிகின்றது.

இனி, இலக்கண நூலார் இதுபற்றி யாது கருதினர் என்று காண்போம். இலக்கணம் என்றவுடன் பிரம்பேந்திய ஆசிரியர் ஒருவரை நம் மாணாக்கர் மனக்கண்ணிற் காண்கின்றனர். உண்மையில் நம் இலக்கணிகள் மக்கள் வழக்கை இகழ்ந்தவரல்லர். தொல்காப்பியம் செய்யுளோடு வழக்கையும் நோக்கியே எழுந்தது. நன்னூல், சிதைந்து மருவிய சொல்லுக்கு மரூஉ என்று பெயரிட்டு, அதனை இயல்பு வழக்கினுள்ளேயே வைத்தது. தஞ்சாவூர் தஞ்சையானதும் கோயம்புத்தூர் கோவையானதும் அங்ஙனமே. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைபெயரைக் குழூஉக்குறி என்று கூறித் தகுதி வழக்கினுள் அடக்கியது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது அதற்குப் பள்ளியிற் கற்ற எடுத்துக்காட்டு. தோழர் தமக்குள் எழுதும் சுருக்கக் குறிகளும் அவ்வினத்தனவே அன்றோ?

இதனினும் நயமுடையது வழுவமைதி. முறைப்படி வழுவாயினும் தக்க காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. வீட்டுப்பசுவை, "என் அம்மை வந்தாள்" என்று ஒருவன் கூறின் அது திணை வழு. ஆயினும் உவகையாற் கூறினமையின் அமைக்கப்படும். இன்னும் புறப்படாத ஒருவன், "இதோ வந்துவிட்டேன்" என்பது கால வழு. விரைவுபற்றிக் கூறினமையின் அதுவும் அமைக்கப்படும். வீட்டிலிருந்தபடியே, "வந்துட்டேன்" என்று கைப்பேசியில் எழுதும் மாணவனுக்கு நன்னூலார் அன்றே மன்னிப்பு வழங்கிவிட்டார். ஆகவே, பேச்சுநடையில் எழுதுவதும், மருவிய சொல்லை எழுதுவதும், தோழர்க்குள் சுருக்கி எழுதுவதும் பிழையல்ல. இவற்றைப் பிழையென்று கடிவார் இலக்கணத்தை முற்றக் கல்லாதவரே.

அங்ஙனமாயின் எது பிழை? படிப்போன் நம்மை மறித்து, "யாது கூறினை?" என்று வினவ இயலாத இடத்தில், அவனுக்கு வேறு பொருள் தருவதே பிழை. நேர்ப்பேச்சில் முகமும் குரலும் கையசைவும் துணைநிற்கும். எழுத்தில் அவையெல்லாம் நீங்கி, எழுத்தொன்றே தனித்து நிற்கின்றது. "வேலை கொடு" என்றால் பணி வேண்டினோம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையிலிருக்கும் வேலை வேண்டினோம். ஒரு ககர மெய்யே இரண்டையும் பிரிக்கின்றது. பணி நாடுவோர் நிறைந்த ஊரில் இதனை எவரும் தவறாக உணரார் எனலாம். மருந்தைப் பற்றி எழுதுங்கால் அவ்வாறு அமைதியுறல் இயலுமா? அரை மாத்திரை என்பதில் ஒரு சொல் விடுபட்டு மாத்திரை என்று மட்டும் நின்றால், நோயாளி உண்பது இருமடங்காகும். எண், பெயர், நாள், இடம், ஆம் அல்லது இல்லை என்னும் விடை ஆகிய இவ்வைந்திலும் இடம்நோக்கி ஊகித்தல் உதவாது.

2020 மே 7ஆம் நாளிலும் சூலை 1ஆம் நாளிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்து, தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அத்தகைய நாளில் ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசியே வாயிற்கதவாகின்றது. ஒரே பெயருடையோர் பலர் வாழும் நகரியத்தில், தந்தை பெயரின் முதலெழுத்து மாறினும், குடியிருப்பு வட்டத்தின் எண் மாறினும், ஒரு வீட்டின் அழுகுரல் மற்றொரு வீட்டுக்கு இடம்மாறும். இலக்கணத்தில் பிழைத்தல் என்றால் தவறுதல். அத்தகைய நாளில், "பிழைத்தார்" என்னும் சொல்லுக்கே ஊர் முழுதும் காத்திருக்கும். அதனை எழுதுவோன் ஒருமுறைக்கு இருமுறை நோக்கி அனுப்புதல் இலக்கணக் கடமையன்று. அயலானுக்குச் செய்யும் கடமை.

இனி, படிப்போன் கடமையையும் கூறல் வேண்டும். துயருற்ற வீட்டாருக்கு நம்மவர் அனுப்பும் செய்தியில், "ஆழ்ந்த இறங்கல்" என்று எழுதக் காண்கின்றோம். இரங்கல் வருந்துதலாகும், இறங்கல் கீழே செல்லுதலாகும். சுரங்கத்தில் இறங்கி உழைத்த ஒருவரின் வீட்டுக்கு இச்சொல் செல்லுமாயின் அது சுடுமே என்று யாம் எண்ணியதுண்டு. ஆனால் துயரில் இருப்போர் அவ்வெழுத்தைக் காண்பதில்லை. அனுப்பியவரின் ஈரத்தையே காண்கின்றனர். றகரத்தைக் கண்டு நகைப்பவன் துயருறாத அயலானே. அவ்விடத்திற் பெரும்பிழை செய்தவன் எழுதியவனா, நகைத்தவனா?

திருமறையில் நியாயாதிபதிகள் ஆகமத்துப் பன்னிரண்டாம் அதிகாரத்தை நம் கல்லூரி மாணாக்கர் அறிவர். யோர்தான் துறையிற் கீலேயாத்தியர் நின்றுகொண்டு, கடக்க வந்தோரை ஷிபோலேத் என்னும் ஒரு சொல்லைச் சொல்லச் செய்தனர். முதலெழுத்தின் ஒலி வாயில் வராமற் சிபோலேத் என்றவனை எப்பிராயீமன் என்று கண்டுகொண்டு கொன்றனர். அங்ஙனம் அப்போரில் மடிந்தோர் நாற்பத்தீராயிரவர் என்று அந்நூல் கூறும். ஓரெழுத்தைத் திருத்துங்கோலாகக் கொள்ளாமற் கொலைவாளாகக் கொண்டதன் விளைவு அது. ழகரம் வாராத நாவைக் கண்டு நகைப்போரும், பிழையுள்ள செய்தியைப் பலர் காணப் பரப்பி ஒருவனை நாணச் செய்வோரும் அத்துறையிலேயே நிற்கின்றனர். நகைக்கப்பட்டவன் றகரத்தைக் கற்பதில்லை; தமிழெழுத்தையே விட்டு உரோமன் எழுத்துக்கு ஓடிவிடுகின்றான். அது யாருக்கு வெற்றி?

எனவே, எம் முடிவு இதுவாகும். உரையாட்டுச் செய்தியிலும் எழுத்துத் திருத்தம் வேண்டும். ஆனால் அது நூலுக்குச் செலுத்தும் காணிக்கையன்று, படிப்போனுக்குச் செய்யும் உபசாரம். வீட்டுக்கு வந்தோருக்குப் பாய் விரிக்குமுன் தூசி தட்டுகின்றோம் அன்றோ? அத்துணையே. எழுதுவோன் தன் பிழையைச் சிறிதும் பொறாதவனாகவும், படிப்போன் பிறன் பிழையைப் பெரிதும் பொறுப்பவனாகவும் இருத்தல் வேண்டும். நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். மாணாக்கர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வாராக: தமிழைத் தமிழெழுத்தில் எழுதுக, அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்க்க, பெயரும் எண்ணும் இருப்பின் இருமுறை படிக்க, பிறர் பிழையைத் திருத்த நேரின் தனியே, தாழ்ந்த குரலில் திருத்துக.

நெய்வேலி நண்பருக்கு யாம் எழுதிய விடையைக் கூறி முடிக்கின்றோம். அவர் பிழையைச் சுட்டவில்லை. "நிலக்கரி உங்கள் வீட்டிலும் விளக்கேற்றியது கேட்டு மகிழ்ந்தோம், தம்பி பாதுகாப்பாக வேலை பார்க்கட்டும்" என்று மட்டும் எழுதினோம். அந்த ரகரத்தை அவர் கண்டாரோ, காணாரோ, அறியோம். ஆனால் அதனை அனுப்புமுன் யாம் இருமுறை படித்தோம் என்பது உண்மை. கரி என்பதற்குச் சான்று என்றும் ஒரு பொருள் உண்டென முன்னர்க் கூறினோம். நாம் எழுதும் சிறு செய்தி ஒவ்வொன்றும், படிப்போனை நாம் எத்துணை மதித்தோம் என்பதற்கு ஒரு கரியாகும்.